மாத்திக்கலாமா

முந்தின நாள் மதியம் அவளைக் குளத்துப் படிக்கட்டில் உட்கார வைத்துவிட்டுத்தான் அன்புசெல்வன் கணினி விளையாட்டிலிருந்து வெளியே வந்திருந்தான். மேலிருந்து மூன்றாவது படி, பக்கத்தில் பாசி ஏறிய ஒரு கல்விளக்கு. எல்லாம் அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. இன்று உள்ளே நுழைந்தபோது படிக்கட்டு காலியாகக் கிடந்தது. அவள் குளத்துக்குள் நின்றிருந்தாள். கழுத்துவரை தண்ணீர். நீண்ட பின்னல் தண்ணீரின்மேல் மிதந்து, மெல்ல, ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

அந்த விளையாட்டில் அப்படி நடக்காது. எங்கெங்கோ இருக்கும் ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் ஆடும் ஆட்டம் அது. ஆளுக்கொரு பாத்திரம், அதற்கொரு பெயர், உடை, ஆயுதம். நாம் வெளியே வந்தால் பாத்திரம் அங்கேயே மறைந்துவிடும். மறுபடி நுழைந்தால் விட்ட இடத்தில்தான் தோன்றும். அதன் முகத்தைப் பார்ப்பதற்கும் வழி கிடையாது. கொஞ்சம் பின்னால், கொஞ்சம் மேலே இருந்து, முதுகைப் பார்த்தபடி நடத்திக்கொண்டு போகவேண்டும். ஒரு வருடமாக அன்பு பார்த்துக்கொண்டிருந்தது அவளுடைய முதுகைத்தான்.

"பாய், நேத்து நான் போனப்புறம் இந்த சிஸ்டத்துல யாருனா உக்காந்தாங்களா?"

கும்மிடிப்பூண்டி பஜாரில் மாடிப்படிக்குக் கீழே ஆறு கணினிகளையும் ஆறு பிளைவுட் தடுப்புகளையும் வைத்து பிரௌசிங் சென்டர் நடத்திவந்த நூர் முகம்மது, பழவேற்காட்டிலிருந்து டப்பாவில் கொண்டுவந்த மதியச் சாப்பாட்டிலிருந்து தலை தூக்கவில்லை.

"பாஸ்வேர்டு உங்கையில. பொண்ணு உம் பொண்ணு. என்னை வந்து கேட்டா? எவங்கூடனா ஓடிட்டாளா, மேடம்?"

அவர் அன்புவை மேடம் என்று கூப்பிட ஆரம்பித்து ஒரு வருடம் ஆகிறது. அவன் பெண் பாத்திரம் எடுத்த நாளிலிருந்து. அதற்குக் காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. அந்த ஆட்டத்தில் பெண்ணாகப் போனால் கேட்காமலே உதவி வரும். முன்பின் தெரியாதவன் குதிரை கொடுப்பான், வாள் கொடுப்பான், பேய்க்காட்டைத் தாண்டும்வரை துணைக்கு வருவான். நாலு பேர் அப்படி ஆடுவதைப் பார்த்துத்தான் அவனும் ஆரம்பித்தான். பெயர் வைக்கும் இடத்தில்தான் இடறியது. யோசித்து யோசித்துப் போட்ட எல்லாப் பெயரையும் வேறு யாரோ எடுத்துவிட்டிருந்தார்கள். சலித்துப்போய், விரல் தானாகப் போனதுபோல, ஆங்கில எழுத்தில் தமிழ்செல்வி என்று அடித்தான். கதவு உடனே திறந்தது.

தமிழ்செல்வி அவனுடைய அக்கா. ஒன்பது வயதில் ஏரியில் மூழ்கி இறந்தவள். அப்போது அவனுக்கு ஆறு வயது.

அன்றைக்கே அந்தப் பெயரை அழித்திருக்கலாம். அழிக்கவில்லை. அவள் உயிரோடு இருந்திருந்தால் எப்படி நடப்பாள், எவ்வளவு முடி இருக்கும் என்று யோசித்து யோசித்துப் பாத்திரத்தை வளர்த்தான். வெள்ளிக்கிழமையானால் அவளுக்குப் புது உடை மாற்றினான். யாரோ கொடுத்த பூவைத் தலையில் வைத்தான். வழியில் வந்தவர்கள் நீ யார் என்று கேட்டால், 'நான் தமிழ்செல்வி' என்று அடிப்பான். சிப்காட்டில் இரும்பு உருக்கும் கம்பெனியின் எடைமேடையில் உட்கார்ந்து, 'வண்டிய முன்னால எடு' என்பதைத் தவிர ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசாத அவன், அவளாக இருக்கும்போது வாயாடினான், சிரித்தான், சண்டை போட்டான். அக்கா அப்படித்தான் இருந்தாள்.

அம்புக்குறியை அழுத்தி அவளைக் கரைக்கு நடத்தப் பார்த்தான். அவள் அசையவில்லை. தடுப்புக்குள் எப்போதும் இருக்கும் பீடி வாசனைக்கும் ரூம் ஸ்பிரே வாசனைக்கும் அடியிலிருந்து வேறொரு வாசனை மெதுவாக மேலே வந்தது. மழைக்காலத்தில் ஏரி நிரம்பியதும் மதகுப் பக்கம் அடிக்கும் வாசனை. அழுகிய கோரைப்புல், சேறு, குளிர்ந்த கல்.

மறுநாள் அவள் இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தாள்.

கிளம்பும்போது நூர் முகம்மது கூப்பிட்டார். இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

"இன்னாபா டெய்லி தண்ணி கொட்டிட்டுப் போற? கீபோர்டுல இருந்து ஊத்துது. நேத்து ஒண்ணு மாத்தினேன்."

"நான் தண்ணி பாட்டிலே எடுத்துனு வரது இல்ல பாய்."

"அப்ப யாரு, உங்கூட வர பொண்ணா?"

கேட்டுவிட்டு அவரே அவனுக்குப் பின்னால் ஒரு கணம் பார்த்தார். பிறகு டப்பாவை மூடினார்.

அந்த வாரம் வீடு முழுக்கக் கல்யாண வேலை. தங்கை சந்திரகலாவுக்கு ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம். மாப்பிள்ளை மீஞ்சூர்க்காரன். இரண்டு முறை பேசி நின்றுபோன பிறகு அமைந்த இடம். கவரைப்பேட்டைக்கு உள்ளே தள்ளி இருக்கும் அன்புவின் ஊரில், கல்யாணம் என்றால் முதலில் பூவாடைக்காரியை அழைக்கவேண்டும். குடும்பத்தில் சின்ன வயதில் இறந்துபோன பெண்தான் அந்த வீட்டுக்குப் பூவாடைக்காரி. நீர்நிலைக்குப் போய், பம்பை அடித்து, பேர் சொல்லிக் கூப்பிட்டு, அவள் சம்மதித்தால் கலசத்தில் வீட்டுக்குக் கூட்டிவந்து, புதுத்துணி வைத்துப் படைத்த பிறகுதான் பந்தக்காலே நடுவார்கள். அவள் வராமல் தாலி ஏறினால் அது நிலைக்காது என்பதில் அம்மா கன்னியம்மாவுக்குச் சந்தேகமே இல்லை.

புதன்கிழமை சாயங்காலம் ஏரிக்கரைக்குப் போனார்கள். ஐப்பசி மழையில் ஏரி ததும்பிக்கொண்டிருந்தது. மஞ்சள் பூசிய கலசத்தின் வாயில் ஒரு சாமந்திப் பூவை வைத்துவிட்டுப் பம்பைக்காரர் கலியன் அடிக்க ஆரம்பித்தார். பூ தானாகக் கீழே விழுந்தால் சம்மதம். அரை மணி நேரம் அடித்தார். காற்று பலமாக வீசியது. கற்பூரம் மூன்று முறை அணைந்தது. பூ ஆணியடித்ததுபோல் நின்றது.

கலியன் பம்பையைக் கழற்றிக் கீழே வைத்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"அவ இங்க இல்ல கன்னியம்மா."

"இன்னா சொல்ற? இங்கதானே போனா எம்பொண்ணு!"

"முன்ன இருந்தா. இப்ப இல்ல. யாரோ ஏற்கெனவே கூப்ட்டு வச்சினுக்கீறாங்க. துணி எடுத்துத் தராங்க, பூ வைக்கறாங்க. அத்தவிடப் பெருசு, அவ பேரை 'நான்'னு சொல்லிக்கினு கீறாங்க. அது தப்பு. அவ மேல வந்து எறங்கினாதான் அப்படி வாய் சொல்லணும். சும்மா சொன்னா, அவ அந்த வாயத் தேடிக்கினு வருவா."

"எந்தப் பாவி அப்படிச் செய்வான்?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

அன்பு தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் கழுத்துக்குப் பின்னால் யாரோ மூச்சு விடுவதுபோல் சில்லென்றிருந்தது.

"வெள்ளிக்கிழமை இன்னொரு வாட்டி பாக்கலாம்," என்றார் கலியன். "அதுக்குள்ள வச்சினுக்கீறவங்க விடணும். விடலன்னா கல்யாணத்தத் தள்ளிப் போடுங்க."

வழியில் சந்திரகலா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். சின்ன வயதிலிருந்தே பயந்தால் அப்படித்தான் பிடிப்பாள்.

"ண்ணா, இதுவும் நின்னுடுமா?"

"நிக்காது."

"உங்கை இன்னா இப்படி ஊறிப்போய்க்கீது?"

அவன் பார்த்தான். விரல் நுனியெல்லாம் வெளுத்து, வெகுநேரம் தண்ணீரில் கிடந்தவை போலச் சுருங்கியிருந்தன.

மறுநாள் காலை ஷிப்டில், லாரிகள் வராத இடைவெளியில், அவன் எடைமேடையின் நடுவில் போய் நின்றான். ஏன் போனான் என்று அவனுக்கே தெரியவில்லை. ஐம்பது டன் லாரியை நிறுக்கும் மேடை. பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும். கம்பெனிப் பையன்கள் விளையாட்டுக்கு ஏறிப் பார்ப்பதுண்டு. அன்புவுக்கு எப்போதும் அறுபது.

எடை பார்க்கும் கூண்டுக்குள்ளிருந்து, கூட வேலை செய்யும் பாக்கியநாதன் சத்தம் போட்டான். "இன்னாடா, கல்யாண ஊட்டுச் சோறு இப்பவே ஏறிடுச்சா? எம்பது காட்டுது!"

அன்பு கீழே இறங்கினான்.

"அட. நீதான் எறங்கிட்டியே. இருவது நிக்குது பாரு. மழைத்தண்ணி பூந்துட்டாப்பல கீது."

அன்பு திரும்பாமல் கூண்டை நோக்கி நடந்தான். ஒன்று, இரண்டு, மூன்று அடி. பத்தாவது அடியில் பாக்கியநாதன், "ஆங், இப்ப சரியாயிடுச்சு, பூஜ்யம்," என்றான்.

இருபது கிலோ. ஒன்பது வயதுப் பெண் அவ்வளவுதான் இருப்பாள்.

ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் நின்றபடி வந்தபோது, பதினேழு வருடமாக நினைக்காமல் ஒதுக்கி வைத்திருந்தது மொத்தமும் வந்தது. மதகுப் பக்கம் அவர்கள் ஆடிய ஆட்டம். அக்காதான் கண்டுபிடித்தாள். 'மாத்திக்கலாமா?' என்று கேட்பாள். உடனே அவன் டிராயரையும் சட்டையையும் அவள் போட்டுக்கொள்வாள். அவளுடைய பச்சைப் பாவாடையை இவனுக்குக் கட்டிவிடுவாள். அதன்பிறகு அவள்தான் அன்பு, இவன்தான் தமிழ்செல்வி. யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்லவேண்டும். மறந்துபோய்த் தன் பேரைச் சொல்லிவிட்டால் தோற்றான்.

அன்றைக்கு அவள் டிராயர் பாக்கெட்டில் கைவிட்டபடி, ஆம்பிளை நடை நடந்து தண்ணீருக்குள் இறங்கினாள். "நீ இங்கியே நில்லு. நான் வந்துடறேன்."

நின்றான். வெயில் சாயும்வரை நின்றான். தேடி வந்த ஆட்கள் தூரத்திலிருந்து பாவாடையைப் பார்த்துவிட்டு, "தமிழு, தம்பி எங்க?" என்று கேட்டார்கள். ஒருவர் கிட்ட வந்து முகத்தைப் பார்த்துத் திகைத்து, "டேய், நீயா? அக்கா எங்கடா?" என்றார். தோற்கக்கூடாது. அவன் நிமிர்ந்து நின்று சொன்னான்.

"நான்தான் தமிழ்செல்வி."

இரண்டு முறை கேட்டார்கள். இரண்டு முறையும் அதையே சொன்னான். சிரித்துவிட்டுத் தோப்புப் பக்கம் தேடப் போய்விட்டார்கள். திரும்பி வருவதற்குள் இருட்டிவிட்டது. மறுநாள் காலை மிதந்தது அவனுடைய சட்டை.

அந்த ஆட்டத்தை இன்றுவரை யாரும் முடித்து வைக்கவில்லை.

விளையாட்டில் இருப்பவளை அழித்துவிடவேண்டும். விட்டுவிடவேண்டும். சந்திரகலாவுக்காகவாவது.

வெள்ளிக்கிழமை மதியம் சென்டரில் வேறு யாருமில்லை. நூர் முகம்மது ஜும்மா தொழுகைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "சீக்கிரம் முடிச்சிட்டுக் கெளம்பு தம்பி," என்றார். மேடம் என்று சொல்லவில்லை. "நான் திரும்பி வரப்ப நீ இருக்காத." செருப்புச் சத்தம் தெருப்பக்கம் போனது. மின்விசிறி சுற்றியது. நாற்காலி ஈரமாக இருந்தது. உட்கார்ந்தான்.

உள்ளே அவள் மூன்றாவது படியில் நின்றிருந்தாள். உடை ஒட்டியிருந்தது. பின்னலிலிருந்து தண்ணீர் சொட்டியது. அந்தச் சொட்டுச் சத்தம் ஹெட்போனில் கேட்கவில்லை. மேசைக்கு அடியில் கேட்டது.

அவள் இந்தப் பக்கம் பார்த்து நின்றாள்.

வடிவமைத்தவர்கள் வைத்த முகம் அது அல்ல. அந்த உயரத்துக்குப் பொருந்தாத, சின்ன, வெளுத்த முகம். உதடுகள் மூடியிருந்தன, எதையோ வாயில் அடக்கி வைத்திருப்பதுபோல.

பாத்திரத்தை அழிக்கும் இடத்துக்குப் போனான். சுட்டி வழுக்கியது. அந்த ஆட்டத்தில் தவறுதலாக அழிந்துவிடக் கூடாதென்று ஒரு வழக்கம் உண்டு: அழிக்கப்போகும் பாத்திரத்தின் பெயரை நாமே ஒருமுறை அடிக்கவேண்டும்.

தமிழ்செல்வி என்று அடித்தான்.

பெயர் பொருந்தவில்லை.

எழுத்தெழுத்தாக மறுபடி அடித்தான். பொருந்தவில்லை. மூன்றாம் முறை. பொருந்தவில்லை.

அப்போதுதான் அவள் தலைக்கு மேலே பார்த்தான். ஒரு வருடமாக அங்கே மிதந்துகொண்டிருந்த பெயர் இல்லை. அதே வெள்ளை எழுத்தில், அதே இடத்தில், அன்புசெல்வன் என்று இருந்தது.

கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டான். மடியில் வைத்துக்கொண்டான். ஆடுபவர்கள் பேசிக்கொள்ளத் திரையின் மூலையில் இருக்கும் பேச்சுப் பெட்டியில் ஒரு வரி வந்தது.

மாத்திக்கலாமா

அந்த வார்த்தையை அவன் யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவிடம்கூட.

கீழே தண்ணீர் சொட்டியது. கணுக்காலில் எதுவோ பட்டது. ஈரத் துணி. பாவாடைக் கரை மாதிரி. குனிந்து பார்க்கவில்லை. சந்திரகலா கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது ஞாபகம் வந்தது. அவள் கை எவ்வளவு சூடாக இருந்தது.

இது வெறும் பெயர், என்று சொல்லிக்கொண்டான். பெட்டியில் அடிக்கும் பெயர். அடித்தால் விட்டுப் போய்விடுவாள்.

அன்புசெல்வன் என்று அடித்தான். அழுத்தினான்.

படிக்கட்டு காலியானது. குளம் அலையில்லாமல் கிடந்தது. வாசனை போய்விட்டது. தடவிப் பார்த்தான், நாற்காலி காய்ந்திருந்தது. அவன் வாய்விட்டுச் சிரித்தான். சிரிப்பு கொஞ்சம் மெல்லிசாகக் கேட்டது.

சாயங்காலம் ஏரிக்கரையில் கலியன் பம்பையை ஒரு தட்டுத்தான் தட்டினார். சாமந்தி விழுந்தது.

பெண்கள் குலவையிட்டார்கள். அம்மா கைகூப்பியபடி அழுதாள். பம்பை வேகமெடுத்தது. அன்பு நிம்மதியாக மூச்சுவிட நினைத்தான். மூச்சு வந்தது, ஆனால் அதை விட்டது அவன் அல்ல. தோள் குலுங்கியது. கால் தாளத்துக்கு மாறியது. கூட்டம் அவனைச் சுற்றி விலகி வட்டமானது.

"யாரு வந்துக்கீற?" கலியன் கேட்டார். "பேரச் சொல்லு!"

வாய் திறந்தது. அவன் திறக்கவில்லை.

"நான் தமிழ்செல்வி."

"எங்கண்ணு! வந்துட்டியா? ஊட்டுக்கு வரியாமா?"

"வரேம்மா. இனிமே போமாட்டேன்."

அம்மா அந்த உடம்பைக் கட்டிக்கொண்டாள். அதை அன்பு பார்த்தான். அம்மாவின் கைகள் ஒரு நீலச் சட்டையின் முதுகில் கோத்துக்கொள்வதைப் பார்த்தான். அவனுடைய சட்டை. பிடரியில் அவனுக்குத் தெரியாத ஒரு மச்சம். கொஞ்சம் பின்னாலிருந்து. கொஞ்சம் மேலே இருந்து.

பிறகு குளிர். காலில்.

குனிந்தான். முழங்காலளவு தண்ணீர். தண்ணீரின்மேல் பச்சைத் துணி ஒன்று விரிந்து மிதந்தது.

அந்த உடம்பின் தலையில் கலசத்தை ஏற்றினார்கள். சந்திரகலா சிரித்துக்கொண்டே அதன் காதோரம் பூ வைத்தாள். அதன் கையைப் பிடித்தாள். உடனே கையை உதறி, விரல்களைத் தன் தாவணியில் துடைத்து, மறுபடி பிடித்துக்கொண்டாள். கற்பூரத் தட்டு முன்னால் போனது. பம்பை போனது. எல்லாரும் போனார்கள்.

கூப்பிட்டான். வாயில் தண்ணீர் இருந்தது.

காலைத் தூக்கப் பார்த்தான். மரத்துப்போன கால் மாதிரி அல்ல. யாரோ அழுத்தினால்தான் நகரும் கால்.

வேலங்காட்டுத் திருப்பத்தில் நீலச் சட்டை நின்றது. கலசம் அசையாமல், பாக்கெட்டில் ஒரு கையை விட்டுக்கொண்டு, இந்தப் பக்கம் திரும்பியது. அவன் முகம்தான். அதில் ஒன்பது வயதுச் சிரிப்பு.

"நீ இங்கியே நில்லு."

அவ்வளவுதான் சொன்னது. கூட்டத்தில் யாரோ, "யாரண்ட பேசற?" என்று கேட்டுச் சிரித்தார்கள். பிறகு பம்பைச் சத்தம் மட்டும். பிறகு அதுவும் இல்லை.

தண்ணீர் இடுப்புக்கு வந்தது.

அவன் நின்றான்.